நாற்பத்தோரு செயலிகளும் ஒரு வால்வுக்காரரும்

அத்தியாயம் 14

போன வாரம் நாம் நம் ஓட்டுநர் மெத்தையை விட்டுவிட்டு வந்த இடம் பேருந்து டிப்போவின் வாசல். கையில் ரெக்சின் மெத்தை, காதில் கண்ட்ரோலர் சொன்ன கடைசி வாக்கியம்.

"ரெண்டு அழைப்பு போச்சும்மா. மூணாவதும் போச்சுன்னா பட்டியல்ல உங்க பேர் இருக்காது. அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதீங்க."

உயரம் குறைந்தவள் என்பதால் ஓட்டுநர் இருக்கையில் போட்டுக்கொள்ள ஒரு மெத்தையைத் தானே தைத்து, போகுமிடமெல்லாம் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவாள். அதனால் டிப்போவில் அவள் பெயரே மெத்தை என்றாகிவிட்டது. நான்கு வருடங்களாக மாற்று ஓட்டுநர். யாராவது வராமல் போனால் செல்போனில் மணி அடிக்கும். பத்து நிமிடத்துக்குள் 'வருகிறேன்' என்ற பொத்தானை அமுக்க வேண்டும். அடுத்து நிரந்தர வழித்தடம் காலியானால் அது அவளுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். பட்டியலில் அவள் பெயர் இருக்கிறவரை.

அந்த மணி இரண்டு முறை அடிக்கவே இல்லை. இதை அவள் சொன்னால் நம்ப ஆளில்லை. திங்கட்கிழமை கண்ட்ரோலர் டிப்போ ஓய்வறையில் அவள் கண்ணெதிரே ஒரு சோதனை அழைப்பு அனுப்பினார். போன் மேசையே அதிர மணியடித்தது. "நல்லாத்தானே அடிக்குது?" என்றார்.

இன்று வியாழக்கிழமை. காலை ஒன்பதரை.

மெத்தை சமையலறையில் நின்றுகொண்டு வலது கையால் முட்டை அடித்தாள். இடது கை ஆள்காட்டி விரல், அரை நிமிடத்துக்கு ஒரு தடவை போனின் திரையைத் தொட்டது. திரை அணைந்துவிடக் கூடாது. டிப்போவின் செயலி திறந்தே இருக்க வேண்டும்; திறந்திருந்தால் அழைப்பு வருகிறது என்பது வரை அவளுக்குப் புரிந்திருந்தது. காலை ஆறு மணியிலிருந்து இதே வேலை.

"அண்ணி, அது என்ன பச்சைக் குழந்தையா, தட்டிக்கொடுத்துக்கிட்டே இருக்கீங்க?"

கேட்டது நாத்தனார். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. இன்று அவளுக்கு மதியம்தான் கடை.

"தூங்க விட்டா வேலை போயிடும். நீ அந்த உப்பை எடு."

"அண்ணனைத் தட்டச் சொல்லுங்க. அவருக்குத்தான் இன்னிக்கு லீவு."

"உங்க அண்ணன் கையில போனைக் கொடுத்தா மூடி வச்சிடுவாரு. இந்த வீட்டுல அவர் மூடாத பொருள் எது?"

அது பொய்யில்லை. வீட்டுக்காரருக்கு நகரத்துத் தண்ணீர் விநியோகத்தில் வால்வு திறந்து மூடும் வேலை. இருபது வருடமாக மூடி மூடிக் கை பழகிவிட்டது. வீட்டில் ஒரு குழாய் சொட்டக் கூடாது, ஆளில்லாத அறையில் விளக்கு எரியக் கூடாது. குளிர்பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு யோசிக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ரத்தம் கொதிக்கும்.

போன் ஏழு வயதுக் கிழம். சார்ஜர் செருகினால் ஒரு பக்கம் தீப்பெட்டியை முட்டுக் கொடுத்தால்தான் ஏறும், அதுவும் ஆமை வேகத்தில். புதிது வாங்கலாம்தான், இந்தப் பேச்சு வீட்டில் ஓடிக்கொண்டும் இருந்தது. ஆனால் கடைக்குப் போய் வாங்கி, எண்ணை மாற்றி, டிப்போவில் பதிவு செய்ய மூன்று நாளாகும். அழைப்பு மூன்று நாள் காத்திருக்காது. ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

திரையின் மூலையில் பதினெட்டு சதவீதம் என்று காட்டியது.

இப்படித் தட்டிக்கொண்டே இருந்தால் மதியத்துக்குள் போன் கண்ணை மூடிவிடும். தட்டாமல் விட்டால் மணி அடிக்காது. பேருந்து வழியில் நின்றுவிட்டால் அவள் என்ன செய்வாள்? பயணிகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அழுவாளா? இறங்கி, எப்போது ஓடியது, எப்போது நின்றது என்று பார்ப்பாள்.

அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்தாள்.

"ஏய் கண்ணாடி, இங்க வா. உன் போனை எடு. எனக்கு ஒரு மெசேஜ் போடு."

"எதுக்கு? எதிர்லதானே நிக்கறேன்."

"போடுன்னா போடு."

மெத்தை எல்லாவற்றையும் மூடித் திரையையும் அணைத்தாள். நாத்தனார் எதையோ தட்டி அனுப்பினாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கறுப்புத் திரை கறுப்பாகவே கிடந்தது.

மெத்தை செய்தி வரும் செயலியைத் திறந்தாள். திறந்த நொடியில் டக்கென்று வந்து விழுந்தது: 'முட்டை ஆறுது அண்ணி'.

"ஆக, டிப்போ ஆப் மட்டும் இல்ல. எல்லாமே இப்படித்தான்" என்றாள் மெதுவாக. "திறந்தா வருது. மூடினா வரலை. ஆனா கண்ட்ரோலர் முன்னாடி மூடித்தான் வச்சிருந்தேன், அடிச்சுதே?"

"அங்க வைஃபை இருக்கும்ல?"

மெத்தை நாத்தனாரைப் பார்த்தாள். கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதாலோ என்னவோ, எப்போதாவது அவளுக்குப் பளிச்சென்று ஒன்று தெரிந்துவிடும்.

ஓய்வறையில் வைஃபை இருந்தது. வீட்டில் இல்லை. இங்கே ஓடுவது சிம் கார்டின் நெட். வைஃபை இருந்தால் மூடியிருந்தாலும் அடிக்கிறது. சிம் நெட்டில் திறந்திருந்தால் மட்டும் வருகிறது. தள்ளிவிட்டால் ஓடும், தானாகக் கிளம்பாது. இது எஞ்சின் கோளாறில்லை. எங்கோ ஒரு கம்பி கழன்றிருக்கிறது.

அமைப்புகளுக்குள் போனாள். 'செயலிகள்' என்ற வரியைத் தொட்டாள்.

நாற்பத்தொன்று.

ஏழு வருடத்து வாழ்க்கை வரிசையாக வந்து நின்றது. மூன்று டார்ச் லைட், ஒரு திசைகாட்டி. நடந்த அடிகளை எண்ணிச் சொல்லும் ஒன்று. மூன்றாம் நாளே அவள் அதை நம்பாமல் விட்டாள். நாத்தனாரின் பழ விளையாட்டு. வானத்தை நோக்கிப் பிடித்தால் நட்சத்திரத்துக்குப் பெயர் சொல்வது ஒன்று. எல்லைகள் தாண்டி இரண்டு நாள் மூன்று நாள் ஓடும் நீண்ட தூரப் பேருந்தை ஓட்டப் போகிறோம் என்று நம்பிக்கொண்டிருந்த காலத்தில், வேற்று மொழி படிக்க ஏற்றியது ஒன்று. பனி மூடிய சாலையில், விடிவதற்கு முன், பெயர் தெரியாத ஊர்களின் விளக்குகளைக் கடந்து போவதாக அப்போதெல்லாம் கனவு வரும். பதினோராம் பாடத்தில் நின்றுபோயிருந்தது.

டிப்போவின் செயலியைக் கண்டுபிடிக்க நேரமானது. அதற்குப் பெயர்கூட ஒழுங்காக இல்லை; ஒரு மஞ்சள் வட்டம், கீழே மூன்று எழுத்து, அவ்வளவுதான். அதைத் தொட்டாள். 'மொபைல் டேட்டா' என்ற வரி. அதற்குள்ளே இன்னொரு வரி.

'பின்னணித் தரவு: அனுமதி இல்லை.'

"பின்னணின்னா?" என்றாள் நாத்தனார்.

"நாம பார்க்காதப்போ பின்னாடி ஓடுறது. அதை யாரோ நிறுத்தி வச்சிருக்காங்க." மெத்தை வெளியே வந்து பழ விளையாட்டைத் தொட்டாள். அனுமதி இல்லை. நட்சத்திரம், அனுமதி இல்லை. திசைகாட்டிக்கும் அதே கதி. வானிலைச் செயலி ஒன்றுக்கு மட்டும் தாராளமாக அனுமதி இருந்தது.

வானிலை!

இந்த வீட்டில் காலையில் எழுந்ததும் மழை வருமா, ஏரியில் தண்ணீர் ஏறுமா என்று பார்க்கிற ஆள் ஒருவர்தான்.

"என்னங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில், பின்கட்டில் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்த வால்வுக்காரர் திருகுச்சாவியோடு ஓடிவந்தார்.

"எங்க உடைஞ்சுது?"

"போன்ல. இதையெல்லாம் மூடினது நீங்கதானே?"

அவர் திரையைப் பார்த்தார். முகத்தில் குற்ற உணர்ச்சி துளியும் இல்லை. நல்ல வேலையை யாரோ கடைசியில் கவனித்துவிட்டார்கள் என்கிற திருப்திதான் இருந்தது.

"ஆமா. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை. நீதானே சொன்ன, தினம் கொடுக்கிற நெட்டு மதியத்துக்குள்ள தீந்துபோகுதுன்னு? எங்கயோ கசியுதுன்னு பார்த்தேன். உள்ள போனா, அடேங்கப்பா, நாற்பத்தொரு லைன்! நமக்குத் தெரியாம எல்லாம் பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கு. ஒண்ணு ஒண்ணா மூடிட்டேன்."

"இது என் டிப்போ ஆப்ங்க!"

"அதுவா? மஞ்ச வட்டமா?" அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "அது இவ விளையாட்டுல ஒண்ணுன்னு நெனச்சேன்."

"தெரியலைன்னா கேக்கணும்ல?"

"கேக்கறதெல்லாம் எங்க வேலையில கிடையாதும்மா. மண்ணுக்கடியில நூறு வருஷத்துக் குழாய். எந்த வால்வு எந்தத் தெருவுக்குப் போகுதுன்னு யாருக்குமே தெரியாது. மூடிப் பார்ப்போம். தண்ணி வராதவங்க குடத்தைத் தூக்கிக்கிட்டுச் சத்தம் போட வருவாங்க. அப்ப தெரிஞ்சுடும், உடனே திறந்துடுவோம்." அவர் நிறுத்தி, கொஞ்சம் பரிதாபமாகச் சேர்த்தார். "ரெண்டு வாரமாச்சு. யாருமே சத்தம் போடலையே?"

மெத்தைக்குக் கோபம் வந்தது. அதன் மேலேயே சிரிப்பும் ஏறி உட்கார்ந்தது. சத்தம் போட வேண்டிய ஆள் அவள்தான். ஆனால் வராத அழைப்புக்கு யார் சத்தம் போட முடியும்? வரவில்லை என்பதே அவளுக்கு மறுநாள்தானே தெரிந்தது!

"நான் கணக்கா எழுதியும் வச்சிருக்கேன்" என்றார் அவர், கடைசி முயற்சியாக. அலமாரியிலிருந்து ஒரு பச்சை அட்டைக் குறிப்பேடு வந்தது. அலுவலகத்தில் வால்வுகளுக்கு எழுதுகிற அதே முறை. எண், தேதி, நேரம், மூடியது, கையொப்பம். பெயர் புரியாத செயலிகளுக்குப் படம் வரைந்திருந்தார். ஒன்பதாவது வரியில், பேனாவால் வட்டம் போட்டு உள்ளே 'மஞ்சள்' என்று எழுதியிருந்தது.

நாத்தனார் எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணா, இந்தப் பழத்துக்கு இலையெல்லாம் போட்டிருக்கியே!"

"நீ சிரிக்காத" என்றாள் மெத்தை. அவள் விரல் இன்னொரு பக்கத்துக்குப் போயிருந்தது. எந்த வழியாக எவ்வளவு நெட் போனது என்று காட்டும் பட்டியல் அது. முதலிடத்தில் இருந்தது எந்தச் செயலியும் இல்லை. 'ஹாட்ஸ்பாட்' என்று இருந்தது. "ஏன்டி, என் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுத் தினமும் காலையில படம் பார்க்கிறது யாரு?"

நாத்தனாரின் சிரிப்பு பாதியில் அசடாக வழிந்தது. "தினமும் இல்ல அண்ணி. கடைக்குப் போற நாள்ல மட்டும்…"

வால்வுக்காரர் தங்கையைப் பார்த்த பார்வையில் இருபது வருட உத்தியோகத்தின் வேதனை இருந்தது. நாற்பது சின்னக் குழாயை மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். பெரிய குழாய் பக்கத்து அறையிலேயே உடைந்து ஓடியிருக்கிறது.

"சண்டை அப்புறம்" என்றாள் மெத்தை. மணி பத்தேகால். மஞ்சள் வட்டத்துக்குள் போய்ப் பின்னணித் தரவைத் திறந்தாள். பேட்டரி பக்கத்திலும் ஒரு தடை இருந்தது, அதையும் எடுத்தாள். செயலியைத் திறந்தால் அது வேறு பாட்டுப் பாடியது: 'புதிய பதிப்பு தேவை. சேமிப்பிடம் போதவில்லை.'

"எதையாவது தூக்கணும்."

"எல்லாத்தையும் தூக்கிடுங்க அண்ணி."

"அதுதான் உங்க அண்ணன் செஞ்சது. ஒண்ணு ஒண்ணா பார்த்துத்தான்."

மூவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். தீப்பெட்டி முட்டுக்கொடுத்த போன் நடுவில். மெத்தை பெயர் சொல்ல, வால்வுக்காரர் குறிப்பேட்டில் புதுப் பத்தி போட்டு எழுதினார். இந்தத் தடவை ஒவ்வொன்றும் யாருக்குப் போகிறது என்று கேட்டு எழுதினார்.

டார்ச் மூன்று. போனுடனே வந்த ஒன்று போதும், மூன்றும் போயின. பழ விளையாட்டு போனபோது நாத்தனார் ஒரு பெருமூச்சு விட்டாள். அடி எண்ணுகிறதையும் விட்டு வைக்கவில்லை. சில செயலிகள் போனோடு ஒட்டிப் பிறந்தவை, நீக்க முடியாது. அவற்றை முடக்கி வைத்தாள். திசைகாட்டியைப் பார்த்து, "பஸ் ஓட்டுறவளுக்கு எதுக்கு?" என்று தூக்கினாள். பாஷை படிக்கும் செயலிக்கு வந்ததும் விரல் நின்றது.

"அது இருக்கட்டும்" என்றார் வால்வுக்காரர், எழுதுவதை நிறுத்தாமலே. "பன்னெண்டாம் பாடம் பாக்கி இருக்குல்ல."

அவருக்கு அது எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. மூடும்போது உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லாத கனவை இந்த மனுஷன் கசிவு தேடப் போன இடத்தில் பார்த்துவிட்டு, இரண்டு வாரமாக வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்.

முப்பத்தாறாவதாக இறக்கை முளைத்த ஒரு நீலக் கடித உறைப் படம் வந்தது. பழைய செய்திச் செயலி.

"இதை இப்ப யாருமே வச்சிக்கிறதில்ல. தூக்குங்க" என்றாள் நாத்தனார்.

"இதுலதான் என் தம்பி பேசுவான்."

அந்தத் தம்பியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டு மாதத்துக்கு முன் பதிவு அலுவலகத்தில் அவன் கல்யாணக் கையெழுத்துப் போட்ட காலையில், மெத்தைக்கு டிப்போவிலிருந்து அழைப்பு வந்தது, அவள் போய்விட்டாள். 'உனக்கு பஸ்தான்க்கா தம்பி' என்று ஒரு வரி அனுப்பினான். அதோடு சரி. அவனே முதலில் பேசட்டும் என்று இவளும் திறக்கவில்லை. மணி அடித்தால் எடுக்கலாம் என்று காத்திருந்தாள்.

மணி அடிக்கவில்லை. எப்படி அடிக்கும்?

குறிப்பேட்டில் முப்பத்தாறாவது வரியை மூவரும் ஒரே சமயத்தில் பார்த்தார்கள். இறக்கையோடு ஓர் உறை வரைந்திருந்தது. 'மூடியது. அறிவிப்பு மணியும் மூடியது.'

வால்வுக்காரர் பேனாவை மூடினார். மெத்தை அதன் பின்னணித் தரவையும் அறிவிப்பு மணியையும் திறந்துவிட்டு, ஆனால் செயலிக்குள் போகத் தைரியம் வராமல், வெளியே வந்தாள். நீல உறையின் தலையில் ஒரு சிவப்புப் புள்ளி முளைத்தது. அதற்குள் ஓர் எண். ஒன்று, நான்கு, ஏழு என்று அவள் கண்ணெதிரிலேயே ஏறி, பதினொன்றில் நின்றது.

டிப்போ செயலி புதிய பதிப்புக்கு மாறத் தொடங்கியிருந்தது. பதினொன்று ஐந்துக்கு வேலை முடிந்தது. திரையை அணைத்து, போனைக் குளிர்பெட்டியின் தலையில் வைத்தாள். மூன்று பேரும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

"பார்த்துக்கிட்டே இருந்தா அடிக்காது" என்றாள் நாத்தனார்.

அவள் சொன்னது சரிதான். மெத்தை போய் முட்டைப் பாத்திரத்தைத் தேய்க்கத் தொடங்கினாள். கை முழுக்கச் சோப்பு நுரை.

அடித்தது!

கறுப்பாகக் கிடந்த திரை தானாகக் கண் விழித்து, குளிர்பெட்டித் தகரம் கிடுகிடுக்க, வீடே அதிர அடித்தது. மெத்தை ஒரே பாய்ச்சலில் எடுத்தாள். 'ஒன்பதாம் எண் வழித்தடம். மதியம் ஒரு மணி. வருகிறேன் / வரவில்லை.' அமுக்கினாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அமுக்கினாள். ஈர விரலைக் கிழத்துக்கு அடையாளம் தெரியவில்லை.

"துடைங்க அண்ணி! 'வரவில்லை'ல பட்டுடப் போகுது!"

"கொடு இங்க" என்று வால்வுக்காரர் தன் சட்டை நுனியால் அவள் கட்டைவிரலையும் திரையையும் ஒரே துடைப்பாகத் துடைத்தார். அவள் அமுக்கினாள். மஞ்சள் வட்டம் பச்சையாக மாறியது.

நாத்தனார் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்திருப்பார்கள்.

வால்வுக்காரரின் வண்டியில் போனார்கள். வண்டியின் பக்கவாட்டில் ஆளுயர இரும்பு வால்வுச் சாவி ஈட்டி மாதிரி கட்டியிருந்தது. பின்னால் மடியில் மெத்தையோடு அவள். சட்டைப் பையில் போன், கைப்பையில் பச்சைக் குறிப்பேடு. கோட்டையைப் பிடிக்கப் போகிற படை என்று பார்க்கிறவர்கள் நினைத்திருந்தால் தப்பில்லை.

கண்ட்ரோலர் மேசையில் பேனா மூடி திறந்திருந்தது. பட்டியலும் விரித்திருந்தது.

"ஒரு நிமிஷத்துல பதில் போட்டிருக்கீங்க. புதுப் போனா?"

"போன் அதேதான் சார். வீட்டுக்காரரைத்தான் சரி பண்ணினேன்."

குறிப்பேட்டை அவர் முன் வைத்தாள். தேதியைக் காட்டினாள். ஒன்பதாவது வரி. மூடிய நேரம், கையொப்பம். அடித்த அழைப்புகளையும் அடிக்காதவற்றையும் தேதியோடு சொன்னாள். அடித்ததெல்லாம் ஓய்வறை வைஃபையில், அடிக்காத இரண்டும் வீட்டில்.

கண்ட்ரோலர் சுலபத்தில் மசிகிற ஆளில்லை. "வைஃபையை அணைங்க" என்றார். அணைத்தாள். "திரையை மூடுங்க." மூடினாள். "அங்க ஜன்னல்ல வைங்க." வைத்தாள். ஓய்வறையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அவர் சோதனை அழைப்பை அனுப்பினார்.

கிழம் ஜன்னல் கண்ணாடியே நடுங்கக் கத்தியது.

யாரோ கை தட்டினார்கள். கண்ட்ரோலர் குறிப்பேட்டின் பக்கத்தை இன்னொரு தடவை பார்த்தார். இலையோடு இருந்த பழத்தைப் பார்த்ததும் அவர் மீசை லேசாக அசைந்தது. பேனாவை எடுத்தார். அவள் பெயருக்கு எதிரே இருந்த இரண்டு சிவப்புக் குறிகளையும் குறுக்கே அடித்தார்.

"ஒன்பதுல இருந்தவர் தலைமை டிப்போவுக்கு மாறிட்டார். இன்னிக்கு ஒரு நாளைக்குன்னுதான் கூப்பிட்டேன்" என்றார், பட்டியலைப் பார்த்தபடியே. "திங்கட்கிழமையிலிருந்து அது உங்க பேர்லயே இருக்கட்டும். நாலு வருஷமாச்சுல்ல?"

அவள் மெத்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

"மெத்தையக்கா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். போன மாதம் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்ட நெட்டை ஓட்டுநர். இப்போது பேருந்து கழுவும் வேலையில் இருக்கிறார். ஈரக் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு, விரிசல் விழுந்த ஒரு போனை நீட்டினார். "எனக்கும் மணி அடிக்கவே இல்லக்கா. யாரும் நம்பல. கொஞ்சம் பாருங்களேன்."

அவள் பார்த்தாள். பின்னணித் தரவு திறந்துதான் இருந்தது. வேறு இடம். பேட்டரியை மிச்சப்படுத்த, நாள்பட்டுத் திறக்காத செயலிகளைப் போனே தூங்க வைத்திருந்தது. தூங்குகிறவர்களின் பட்டியலில் மஞ்சள் வட்டம் முதலாவது. அவள் அதை எழுப்பி, போனைக் கண்ட்ரோலர் பக்கம் திருப்பினாள்.

கண்ட்ரோலர் திரையைப் பார்த்தார். பிறகு பழைய பட்டியலை இழுத்து, நீக்கப்பட்ட பெயர்களை முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

ஒரு மணிக்கு ஒன்பதாம் எண் வெளியே வந்தது. மெத்தை மேல் உட்கார்ந்ததும் சாலை அவளுக்குக் கீழே இறங்கி விரிந்தது. கண்ணாடியில் கடைசி இருக்கை வரை தெரிந்தது. கதவு மூடும் பெருமூச்சு, கியர் விழும் சின்ன உதறல், வளைவில் ஸ்டீயரிங் தானாக நேராகி உள்ளங்கையில் வழுக்கும் சுகம். திங்கள்கிழமையிலிருந்து இது அவள் சாலை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்களைப் பார்த்து, காரணமில்லாமல் சிரித்தாள். ஒரு பெரியவர் திரும்பிச் சிரித்தார். ஒரு பெண் தன் முகத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று துடைத்துக்கொண்டாள்.

ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது. அது சட்டம். ஆனால் அந்தப் பதினொன்று மார்பருகே பையில் கனத்தது.

மூன்று நாற்பதுக்குக் கடைசி நிறுத்தம். எல்லோரும் இறங்கினார்கள். எஞ்சினை அணைத்துவிட்டு நீல உறையைத் திறந்தாள்.

முதல் செய்தி இரண்டு வாரத்துக்கு முந்தையது. 'அக்கா, அன்னிக்கு அப்படி எழுதியிருக்கக் கூடாது.' அடுத்தது, 'படிச்சியா?' அதற்கடுத்தது ஒரு புகைப்படம். புது வீட்டின் ஜன்னல், அதில் ஒரு காலி நாற்காலி. 'இது உனக்கு.' பிறகு 'கோபமா?' பிறகு வெறும் கேள்விக்குறி. இப்படியே இறங்கி, பதினொன்றாவது நேற்று ராத்திரி வந்திருந்தது.

'வியாழக்கிழமை ரயில்ல வர்றேன். நாலு மணிக்கு ஸ்டேஷன் வாசல்ல இருப்பேன். நாலரை வரைக்கும் பார்ப்பேன். நீ வரலைன்னா புரிஞ்சுக்கறேன்க்கா. அடுத்த ரயில்ல திரும்பிடுவேன். அப்புறம் தொந்தரவு பண்ண மாட்டேன்.'

வியாழக்கிழமை. இன்று.

அவள் முன்கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருந்த நேர அட்டையை அண்ணாந்து பார்த்தாள். ஒன்பதாம் எண், திரும்பும் நடை. புறப்பாடு மூன்று ஐம்பது. ரயில் நிலையம் நான்கு இருபது.

விரல் ஈரமாக இல்லை. கண்தான் ஈரமாக இருந்தது. தட்டினாள்.

'ஒன்பதாம் நம்பர் பஸ். நாலு இருபது. ஸ்டேஷன் ஸ்டாப். டிரைவர் சீட்டைப் பாரு.'

அனுப்பினாள். போனைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினாள். இப்போது அது மூடியிருந்தாலும் பதில் வந்தால் தானாகச் சத்தம் போடும். போடவில்லை என்றால், பதில் வரவில்லை என்றே அர்த்தம். இனி யார் மேலும் பழி போட முடியாது.

மூன்று ஐம்பதுக்குப் பேருந்து நகர்ந்தது. ஒரு நிறுத்தம் போனது. இன்னொன்று. பாலத்தின் மேல் நெரிசல். எதிரே ரயில் நிலையத்துக் கோபுரக் கடிகாரம் மட்டும் தெரிந்தது. பெரிய முள் பன்னிரண்டிலிருந்து கால் வட்டம் இறங்கியிருந்தது. நாலே கால். நாலே கால் தாண்டியும் சிக்னல் சிவப்பு.

அப்போது மார்பருகே, பைக்குள், ஒரே ஒரு தடவை மணி அடித்தது.

மெத்தை இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்கவில்லை. விளக்கு பச்சையானது. நிமிர்ந்து உட்கார்ந்து, முதல் கியரைப் போட்டாள்.